எல்லைப் பண்பாட்டு ஆய்வுக் கழகத்துக்கு அரசு நிதி: எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

கேள்வி: உட்லண்ட்ஸ் வாசகி

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் ஜோகூர், சிங்கப்பூர், இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகள் ஆகிய மூன்றையும் ஒரே வட்டாரமாகக் கொண்டு அதன் பண்பாட்டை ஆராயும் கழகம் ஒன்று நம் பல்கலைக்கழகங்களுள் ஏதாவது ஒன்றில் அமைய வேண்டும், அதற்கான செலவை அரசு ஏற்க வேண்டும் என்று கேட்டு நாங்கள் சிலர் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஜோகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டலத்துக்கான ஒப்பந்தம் 2025 ஜனவரியில் கையெழுத்தானது. உட்லண்ட்ஸையும் ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் ஒவ்வொரு திசையிலும் மணிக்கு 10,000 பேர் வரை ஏற்றிச் செல்லும் வகையில் கட்டப்படுகிறது. எல்லையைக் கடக்கும் பணத்தையும் சரக்கையும் வாகனங்களையும் எண்ணிப் பார்க்க வல்லுநர்கள் நிறையவே இருக்கிறார்கள். இருகரையிலும் வாழ்பவர்களின் மொழி, வழிபாடு, உறவுமுறை, பாட்டு, தொழில் ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் விடாமல் கவனித்துப் பதிவுசெய்யும் இடம் ஒன்றும் வேண்டும் என்பதே எங்கள் எண்ணம்.

கடிதத்தின் முதல் வரைவிலேயே எங்களுக்குள் கருத்து வேறுபட்டது. எல்லை என்பது அரசுகள் மிகவும் கவனமாகப் பேசும் பொருள். பெட்ரா பிராங்கா தீவு சிங்கப்பூருக்குச் சொந்தமா மலேசியாவுக்குச் சொந்தமா என்பதை 2008இல் அனைத்துலக நீதிமன்றம் தீர்த்துவைக்க வேண்டியிருந்தது. அப்படியிருக்க, ஓர் அரசின் பணத்தில் நடக்கும் கழகம் எல்லையைப் பற்றிச் சுதந்திரமாக எழுத முடியுமா என்று ஒருவர் கேட்டார். சமூகத்திடமே நிதி திரட்டினால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது இன்னொருவரின் கட்சி. எனக்கோ, சமூகத்தின் உற்சாகம் எத்தனை ஆண்டுகளுக்குத் தாங்கும் என்ற ஐயம் இருக்கிறது. பல்கலைக்கழக நிதி நடைமுறைகளையோ இத்தகைய கழகங்கள் பிற நாடுகளில் நடந்த விதத்தையோ அறிந்தவர்கள் எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி: கணக்கர்

வணக்கம் சகோதரி. பல்கலைக்கழக மானிய விண்ணப்பங்களின் கணக்குப் பக்கத்தைச் சில காலம் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

இங்கே இந்த வட்டாரத்தை யாரும் ஆராய்வதில்லை என்ற தொனி கடிதத்தில் எங்கும் வரக்கூடாது. வந்தால் படிப்பவர் அதோடு கடிதத்தை மூடிவிடுவார். இன்று யூசோஃப் இஷாக் பெயரைத் தாங்கியிருக்கும் தென்கிழக்காசிய ஆய்வுக் கழகம் 1968இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலமே உருவான ஆணைபெற்ற அமைப்பு. ஜோகூரைப் பற்றியும் ரியாவ் தீவுகளைப் பற்றியும் அது தனித்தனிக் கட்டுரைத் தொகுதிகளே வெளியிட்டிருக்கிறது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2001 முதல் ஆசிய ஆய்வுக் கழகமும் 2004 முதல் தெற்காசிய ஆய்வுக் கழகமும் இயங்குகின்றன. 2016இல் சமூக அறிவியல் ஆய்வு மன்றம் அமைக்கப்பட்டபோது, சமூக அறிவியல், மனிதவியல் துறை ஆய்வுகளுக்கு ஐந்தாண்டுகளில் 350 மில்லியன் வெள்ளி ஒதுக்கப்படும் என்று அரசு அறிவித்தது. ஆகவே உங்களுக்குக் கிடைக்கக்கூடிய முதல் பதில், போட்டி மானியத்துக்கு விண்ணப்பியுங்கள் என்பதாகத்தான் இருக்கும்.

உங்கள் நண்பரின் அச்சத்தைப் பொறுத்தவரை, அரசுப் பணம் என்பது ஒரே வகைப் பணம் அன்று. ஆண்டுதோறும் அமைப்புக்கே நேராக வரும் மானியம் ஒரு வகை. மூன்று முதல் ஐந்தாண்டுகளுக்கு ஒரு குறிப்பிட்ட தலைப்புக்கு வரும் திட்டப் பணம் இன்னொரு வகை. நன்கொடைக்கு ஈடாக அரசும் பணம் சேர்த்து, முதலைத் தொடாமல் அதன் வருவாயில் நடத்தும் அறக்கட்டளை நிதி மூன்றாவது வகை. இவற்றுள் ஆய்வாளரின் கையை மிகவும் கட்டுவது திட்டப் பணம்தான் என்பது நான் பார்த்து அறிந்தது. யாரும் எதையும் தடுக்க வேண்டியதில்லை; அடுத்த விண்ணப்பத்தில் எது எடுபடும் என்று கணித்து ஆய்வாளரே தம் தலைப்பைத் திருத்திக்கொள்வார். ஆண்டு மானியத்தில் இருப்பவருக்கு அந்த அவசரம் இல்லை.

இருந்தாலும் புதுக் கழகம் என்ற யோசனையை நான் ஆதரிக்கவில்லை. இயக்குநர், துணை இயக்குநர், நிர்வாகக் குழு, ஆண்டறிக்கை, திறப்பு விழா என்று ஆய்வைத் தொடுவதற்கு முன்பே பணத்தில் கணிசமான பங்கு கரைந்துவிடும். இருக்கும் கழகம் ஒன்றில் ஒரு பிரிவாகக் கேட்பதே விவேகம்.

மறுமொழி: பழைய ஏடுகள்

சமூகம் பணம் திரட்டுவதா, அரசு கொடுப்பதா என்ற கேள்வி நமக்குப் புதிதன்று. நம் தாத்தா காலத்தில் இதே ஊரில் இதே கேள்வி எழுந்து, அதற்கு ஒரு விடையும் கிடைத்திருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டது. அதில் இந்தியவியல் துறை ஒன்றை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியாரின் கருத்துக் கேட்கப்பட்டது. அவர் சமஸ்கிருதத்துக்கு முதன்மை தரும்படி பரிந்துரைத்தார். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த இந்தியர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர்களாக இருக்க, அந்தப் பரிந்துரை இங்கே கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1935இல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி அந்த எதிர்ப்புக்குத் தலைமை தாங்கினார். வெறும் எதிர்ப்போடு நின்றிருந்தால் இன்று அதைப் பற்றிப் பேச ஒன்றும் இருக்காது. துறைக்கு வேண்டிய தமிழ் நூல்களை வாங்குவதற்காக ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் அவர் ஒரு நிதி திரட்டினார். தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்தவர்கள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். 1956இல் துறை அமைந்தது, தமிழ் அதன் மையமாக ஆனது.

இதில் நம் கடிதத்துக்கு வேண்டிய செய்தி, யார் எதற்குப் பணம் கொடுத்தார்கள் என்பதில் இருக்கிறது. சமூகத்தின் பணம் நூலகத்துக்குப் போயிற்று. விரிவுரையாளர்களின் சம்பளத்தைப் பல்கலைக்கழகம் கொடுத்தது, அதாவது பொதுப் பணம் கொடுத்தது. ஒருமுறை உற்சாகமாகக் கொடுக்கும் கைகளால் புத்தகம் வாங்க முடியும். முப்பது ஆண்டுகளுக்கு மாதம் தவறாமல் சம்பளம் கொடுக்க முடியாது. வாசகியின் ஐயம் சரியானது என்றே நினைக்கிறேன்.

கதையின் மறுபாதி அவ்வளவு இனிப்பானதன்று. 1959இல் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூர்ப் பிரிவு, கோலாலம்பூர்ப் பிரிவு என்று இரண்டாகியபோது இந்தியவியல் துறை கோலாலம்பூருக்கு மாறியது. அங்கே அது செழித்தது என்பதில் ஐயமில்லை. 1961இல் தனிநாயகம் அடிகள் அதன் பேராசிரியராக வந்தார். 1966இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு அந்த நகரில் நடந்தது. சிங்கப்பூருக்கோ கையில் எதுவும் மிஞ்சவில்லை. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் தெற்காசியவியல் பாடத்திட்டம் 1999இல்தான் வந்தது. இடையே நாற்பது ஆண்டுகள் போய்விட்டன. அப்போது பணம் கொடுத்த சிங்கப்பூர்த் துறைமுகத் தொழிலாளி, தன் மகன் படிக்கப் போகும் ஊரில் அந்தத் துறை இருக்குமா என்று கேட்டிருக்க மாட்டார். எல்லைக்கோடு நகரும்போது துறை எந்தப் பக்கம் போகிறது, சேகரிப்பு யாருக்குச் சொந்தமாகிறது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளாத நிறுவனத்துக்கு என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று எனக்குத் தெரியவில்லை. எல்லையையே ஆராயப் போகும் கழகம் இதைக் கவனிக்காமல் விட்டால் நகைப்புக்கு இடமாகும்.

இன்னொன்று. ஆராய வேண்டிய பொருள் இங்கே ஏராளமாகக் கிடக்கிறது. 1876இல் சிங்கப்பூரில் வெளிவரத் தொடங்கிய ‘ஜாவி பெரானாக்கான்’ என்ற மலாய் இதழை நடத்தியவர்கள் இந்திய முஸ்லிம் வழிவந்தவர்கள். 1887இல் ‘சிங்கை நேசன்’ வந்தது. தமிழ் முரசு பல ஆண்டுகள் ஜோகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலத்தின் இருபுறமும் படிக்கப்பட்ட நாளேடு. அதன் பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்கத் தொகுப்பிலேயே இன்று பார்க்கலாம். காகிதம் அழியாமல் காக்கப்பட்டுவிட்டது. ஜாவி என்னும் அரபுவழி எழுத்தில் அச்சான மலாயையும் பழைய இதழ்த் தமிழையும் ஒருசேரப் படித்து, அவை இரண்டும் ஒன்றைப் பற்றி ஒன்று என்ன எழுதின என்று சொல்லக்கூடிய ஆள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அத்தகைய ஒருவரை உருவாக்கப் பத்தாண்டுகளாவது ஆகும். மூன்றாண்டுத் திட்டப் பணத்தை நம்பி எந்த இளைஞரும் அந்த வேலையில் இறங்க மாட்டார். கணக்கர் ஐயா புதுக் கழகம் வேண்டாம் என்கிறார்; கட்டடம் வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடுதான், ஆனால் நிலையான பணியிடம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: உட்லண்ட்ஸ் வாசகி

பழைய ஏடுகள் ஐயாவுக்கும் கணக்கர் அண்ணனுக்கும் நன்றி. நூலகத்துக்குச் சமூகம், சம்பளத்துக்கு அரசு என்ற பிரிவினை எங்கள் கடிதத்தின் வடிவத்தையே மாற்றிவிடும் போலிருக்கிறது. பிற நாடுகளில் எல்லையோரப் பல்கலைக்கழகங்களுக்கு அரசுகள் நீண்ட காலம் பணம் கொடுத்த அனுபவம் எப்படி? அரசியல் சூழல் மாறும்போது பணம் நின்றுவிடவில்லையா?

மறுமொழி: ஓடர் கரை

ஜெர்மனி-போலந்து எல்லையில் ஓடர் ஆற்றின் கரையிலுள்ள பிராங்க்ஃபர்ட்டில் படித்தவன் நான். விமான நிலையம் இருக்கும் பெரிய பிராங்க்ஃபர்ட் வேறு. ஊரில் எல்லோருக்கும் இதைச் சொல்லியே அலுத்துவிட்டது. 1991இல், ஜெர்மனி ஒன்றிணைந்த மறு ஆண்டே, பிராண்டன்பர்க் மாநில அரசு அங்கே வியட்ரினா பல்கலைக்கழகத்தை நிறுவியது. போலந்து மாணவர்களை ஏராளமாகச் சேர்த்துக்கொள்வது தொடக்கத்திலிருந்தே அதன் நோக்கம். ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் போலந்தின் ஸ்லுபிட்செ நகரம். அங்கே போஸ்னன் நகரின் ஆடம் மிட்ஸ்கேவிச் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்தும் ‘கொலேஜியம் போலோனிகும்’ என்ற கல்வி நிலையம் இருக்கிறது. ஒரே படிப்பை இரண்டு நாடுகளின் பொதுப் பணமும் தாங்குகிறது, இரண்டு நாட்டு மண்ணிலும் வகுப்பு நடக்கிறது. போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது 2004இல்தான், கடவுச்சீட்டுச் சோதனை நீங்கியது 2007 இறுதியில்தான். அதற்கு முன்பெல்லாம் வகுப்புக்குப் போகச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்ற மாணவர்கள் உண்டு. எல்லை திறக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று யாரும் காத்திருக்கவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு பின்லாந்தில் இருக்கிறது. ரஷ்ய எல்லைக்கு அருகிலுள்ள யோயென்சூ நகரில் 1971இல் கரேலிய ஆய்வுக் கழகம் தொடங்கப்பட்டது. பின்லாந்திடம் இருந்த கரேலிய நிலத்தின் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் பக்கம் போய்விட்டது. அங்கே போய் ஆய்வு செய்வது எளிதாக இல்லாத காலம் அது. அப்படியும் பின்லாந்து தன் பக்கத்தில் குடியேறிய கரேலியர்களின் மொழியையும் வழக்கங்களையும் ஆராயும் இடத்தைக் கைவிடவில்லை. 1991க்குப் பிறகு எல்லை தளர்ந்தபோது மொழி தெரிந்த, மக்களை அறிந்த ஆய்வாளர்கள் தயாராக இருந்தார்கள். 2023 இறுதியில் பின்லாந்து தன் கிழக்கு எல்லைச் சாவடிகளை மூடிவிட்டது, கழகம் மூடப்படவில்லை. எல்லை மூடியிருக்கும் காலத்தில்தான் அந்தப் பக்கத்தைத் தெரிந்தவர்களின் தேவை அரசுக்கே கூடுதலாக இருக்கும் என்ற வாதத்தைக் கடிதத்தில் நீங்கள் துணிந்து வைக்கலாம். அதிகாரிகளுக்குப் புரியும் வாதம் அது.

மெக்சிகோ இன்னொரு வகை. டிஹுவானாவில் 1982இல் அந்நாட்டு அரசு தொடங்கிய வட எல்லைக் கல்லூரி, முழுக்கக் கூட்டரசின் ஆய்வு மையம். 1993 முதல் அரசு அமைப்புகளோடு சேர்ந்து, எல்லையைக் கடந்து போகிறவர்களையும் திரும்புகிறவர்களையும் நேரில் கேட்டுத் தொடர் கணக்கெடுப்பு நடத்திவருகிறது. ஒரே கேள்வித்தாளைப் பல பத்தாண்டுகள் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பதற்குத் திட்டப் பணம் எந்த நாளிலும் போதாது.

எதிர் உதாரணமும் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்து எல்லையையொட்டிய ஆர்மாவில் 1999இல் எல்லைகடந்த ஆய்வுகளுக்கான மையம் ஒன்று, 1998 அமைதி உடன்பாட்டின் உற்சாகத்தில் தொடங்கியது. அது பெரிதும் சார்ந்திருந்தது ஐரோப்பிய ஒன்றியத்தின் சமாதானத் திட்டப் பணத்தை. நல்ல வேலைகளைச் செய்தது. ஆனால் ஒரு சுற்று முடிந்து மறு சுற்று வரும்வரை அடுத்த ஆண்டுச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய நிலை. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகி, அந்த எல்லை மறுபடியும் எல்லோர் வாயிலும் அடிபட்ட ஆண்டுகளில் அப்படிப்பட்ட மையத்துக்கு அந்தக் கவலையே இருந்திருக்கக் கூடாது.

மறுமொழி: ரயிலடி

ஐரோப்பாவைப் பற்றி எழுதியதெல்லாம் சரி. இங்கே ஆராயப்பட வேண்டியவர்கள் யார் என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் கடிதம் போனால், எல்லைப் பண்பாடு என்ற பெயரில் கடைசியில் ஓர் உணவுத் திருவிழாதான் நடக்கும்.

ஜோகூர் நீரிணையின் சதுப்புக்காடுகளில் படகிலேயே வாழ்ந்த ஓராங் செலேத்தார் மக்களுக்கு இந்தக் கரையும் அந்தக் கரையும் ஒரே வீடாக இருந்தன. 1967இல் இரண்டு நாடுகளும் குடிநுழைவுச் சோதனையைத் தொடங்கிய பிறகு வீட்டின் நடுவே சுவர் எழும்பியது. இன்று அவர்களுடைய கிராமங்கள் ஜோகூர்ப் பக்கத்தில் இருக்கின்றன. கரையோர வளர்ச்சித் திட்டங்களால் அவர்களின் மீன்பிடி நீர் சுருங்குகிறது. சிறப்புப் பொருளியல் மண்டலத்தின் வரைபடத்தில் அவர்களுக்கு என்ன இடம் என்று கேட்கும் ஆய்வாளருக்குச் சம்பளம் தர இரண்டு அரசுகளுக்கும் மனம் வருமா என்பதே உண்மையான சோதனை.

ரியாவ் பக்கம் பார்த்தால், 1824 ஆங்கில-டச்சு ஒப்பந்தம் ஒரே சுல்தானகத்தை நடுக்கடலில் இரண்டாக அறுத்தது. 1911இல் டச்சுக்காரர்கள் ரியாவ் சுல்தானைப் பதவியிலிருந்து இறக்கியபோது அவர் வந்து தங்கியது சிங்கப்பூரில்தான். பெஞ்ஞெங்காட் தீவின் எழுத்தாளர்களுக்குச் சிங்கப்பூர் ஓர் அச்சு நகரமாக இருந்தது. இவையெல்லாம் மலாய் ஆய்வாளர்களுக்கு நன்றாகத் தெரியும். தமிழர்களாகிய நாம் இந்தக் கதைக்கு வெளியே இருப்பதுபோல் நடந்துகொள்கிறோம்.

நம் கதையும் இதில் இருக்கிறது. மலாயா ரயில்வேயின் தமிழ்த் தொழிலாளர்கள் சிங்கப்பூர்த் தண்டவாள ஓரத்தில் மலேசிய நிறுவனத்தின் குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். தஞ்சோங் பகார் நிலையம் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு மூடப்பட்டபோது அந்த வாழ்க்கையும் முடிந்தது. 1969க்குப் பிறகு மலேசியாவில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமாக்கப்பட்டதும் தோட்டத் தமிழர்கள் பலர் தமிழகம் திரும்பினார்கள். அண்ணன் இங்கே, தம்பி அங்கே, தாய் நாகப்பட்டினத்தில் என்று சிதறிய குடும்பங்களை நான் அறிவேன். அந்தத் தலைமுறைக்கு இப்போது எண்பது வயதைக் கடந்துவிட்டது. அவர்களின் குரலைப் பதிவுசெய்ய அடுத்த மானியச் சுற்றுவரை காத்திருக்க முடியாது.

பணத்தைப் பற்றி ஒன்று மட்டும். சிங்கப்பூர்ப் பணத்தில் இயங்கும் கழகம் ரியாவுக்கும் ஜோகூருக்கும் போய்ப் பேட்டி எடுத்துக்கொண்டு வந்து, ஆங்கில ஆய்விதழில் கட்டுரை போட்டுவிட்டு, ஒலிப்பதிவை இங்கேயே பூட்டி வைத்தால், அது நல்ல உறவை வளர்க்காது. தஞ்சோங் பினாங்கில் ராஜா அலி ஹாஜி கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. எடுக்கும் ஒவ்வொரு பதிவின் படியும் அங்கே ஒன்று போக வேண்டும், அங்குள்ளவர்களின் சம்பளத்திலும் ஒரு பங்கை இந்த நிதி ஏற்க வேண்டும். நம் வரிப்பணம் ஏன் அங்கே போக வேண்டும் என்று கேட்பார்கள், கேட்கட்டும்.

மறுமொழி: கணக்கர்

நான் மறுத்தது கழகம் என்ற கூட்டை. நிலையான பணியிடத்தை நான் மறுக்கவில்லை. பழைய ஏடுகள் அதைச் சரியாகவே பிடித்துக்கொண்டார். எனவே வரைவுக்கு உதவும்படி சிலவற்றைச் சொல்கிறேன்.

இருக்கும் ஒரு பல்கலைக்கழகத் துறைக்குள் நிரந்தரப் பணியிடங்கள் சிலவற்றை ஆண்டு மானியத்தில் கேளுங்கள். பணியிடத்தின் தகுதியை மொழியால் வரையறுங்கள்: ஜாவி வாசிக்கத் தெரிந்த ஒருவர், தமிழ் ஆவணங்களை வாசிக்கத் தெரிந்த ஒருவர், ரியாவ் வட்டாரத்தில் களப்பணி செய்யக்கூடிய ஒருவர். ஆய்வுத் தலைப்புகளைக் கடிதத்தில் பட்டியலிட்டு நீங்களே கையைக் கட்டிக்கொள்ள வேண்டாம். நிதி தரும் அமைச்சின் அதிகாரி தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இல்லாமல் கணக்குத் தணிக்கைக் குழுவில் மட்டும் இருக்கும்படி கேட்கலாம். இது ஏற்கக்கூடிய கோரிக்கைதான்.

சமூகத்தின் பங்காக நூல், ஒலிப்பதிவு, மின்னிலக்கமாக்கல் ஆகியவற்றுக்கான அறக்கட்டளை நிதியை வையுங்கள். தகுதிபெற்ற நன்கொடைகளுக்கு 250 விழுக்காடு வரிக்கழிவு உண்டு என்பதால் வணிகர்களிடம் பேசுவதற்கு அது உதவும். சேகரிப்பின் உரிமையை நன்கொடைப் பத்திரத்திலேயே எழுதுங்கள்: துறை கலைந்தாலும் இடம் மாறினாலும் மூலம் தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் படிகள் மற்ற இரு கரைகளுக்கும் போகும் என்று.

ரயிலடி கேட்கும் அயல்நாட்டுச் சம்பளப் பங்கை நேரடியாக எழுதினால் நிராகரிக்கப்படும் வாய்ப்பு அதிகம். வருகைதரு ஆய்வாளர் நல்கை என்று எழுதினால், ஜோகூரிலிருந்தும் தஞ்சோங் பினாங்கிலிருந்தும் ஆண்டுக்குச் சில மாதங்கள் வந்து பணியாற்றுபவர்களுக்கு அதே பணம் போய்ச் சேரும். அது வழக்கத்தில் உள்ள முறைதான்.

மறுமொழி: ரயிலடி

சில மாதங்கள் வந்துபோவது போதாது. ஓராங் செலேத்தார் கிராமத்தில் பதிவு எடுப்பவர் ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்க வேண்டும். ஆனாலும் தொடங்குவதற்கு வேறு வழி இல்லையென்றால் அப்படியே எழுதுங்கள். களப்பணி உதவியாளர் என்ற பெயரில் அங்கேயே வாழும் ஒருவருக்கு முழு ஆண்டு ஊதியம் தருவதற்கும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

மறுமொழி: உட்லண்ட்ஸ் வாசகி

சேர்த்துவிட்டேன். தலைப்பில் இருந்த ‘கழகம்’ போய் ‘பணியிடங்கள்’ வந்துவிட்டது. எங்கள் குழுவில் ஒருவருக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான், பெயர்ப்பலகை இல்லாத ஒன்றுக்கு யார் நன்கொடை தருவார்கள் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதால், நூல் தொகுப்புக்காவது ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவுசெய்திருக்கிறோம்.

வரைவை மலாயிலும் எழுதி ஜோகூர், ரியாவ் பக்கத்து ஆசிரியர்களுக்குக் காட்டிய பிறகே அமைச்சுக்கு அனுப்ப விரும்புகிறோம். தஞ்சோங் பினாங்கில் வரலாறோ மலாய் இலக்கியமோ கற்பிக்கும் யாரையேனும் அறிந்தவர்கள், அவர்களின் ஒப்புதலைக் கேட்டுக்கொண்டு எனக்குத் தனிமடல் எழுதுங்கள்.